ஆறு மாதம் நிற்கப்போகும் காரின் பேட்டரியை என்ன செய்வது?

ஆறு மாதங்களுக்குக் காரை எடுக்கப் போவதில்லை, வண்டி மூடிய ஷெட்டில் நிற்கும், வீட்டில் இருப்பவர் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் பேட்டரி தாங்குமா அல்லது பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவதே நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் எது என்ற கேள்வியாக இது தோன்றினாலும், இதற்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: நிற்கிற காரில் பேட்டரியைக் கெடுப்பது எது? அது விளங்கிவிட்டால் எந்த வழி உங்களுக்குத் தோது என்பதை நீங்களே முடிவுசெய்துவிடலாம். வாகன மின்பழுது வேலையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் வண்டியின் மாடலையோ பேட்டரியின் வகையையோ நீங்கள் குறிப்பிடவில்லை என்பதால், எல்லா வண்டிக்கும் பொருந்துவதை உறுதியாகச் சொல்லிவிட்டு, வண்டிக்கு வண்டி மாறுவதை மாறக்கூடியது என்றே குறிப்பிடுகிறேன்.

காரில் வழக்கமாக இருப்பது ஈய-அமில பேட்டரி. 1859-இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளான்டே உருவாக்கியபோது இருந்த அடிப்படை வேதியியல் இன்றுவரை மாறவில்லை. நேர்த்தகட்டில் ஈய டை-ஆக்சைடு, எதிர்த்தகட்டில் பஞ்சு போன்ற ஈயம், இரண்டுக்கும் நடுவில் நீர்த்த கந்தக அமிலம். இப்படிப்பட்ட ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் என, வரிசையாக இணைந்திருக்கின்றன. மின்சாரத்தை எடுக்க எடுக்க இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலத்தின் அடர்த்தி குறைகிறது. சார்ஜ் ஏற்றும்போது அந்த சல்பேட் மீண்டும் ஈயமாகவும் ஈய டை-ஆக்சைடாகவும் மாறிவிடுகிறது. புதிதாகப் படிந்த சல்பேட் மாவு போல நுண்ணியதாக இருப்பதால் இந்த மாற்றம் தடையின்றி நடக்கும். அதையே வாரக்கணக்கில் விட்டுவைத்தால் சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்து கெட்டிப்பட்டுவிடும். கெட்டிப்பட்ட படிகம் சார்ஜருக்கு எளிதில் அசைந்துகொடுக்காது. தகட்டின் அந்தப் பகுதி வேலைக்கு ஆகாததாகிவிடும். சல்பேஷன் என்று பணிமனைகளில் சொல்வது இதைத்தான். ஆகவே, முழு சார்ஜோடு சும்மா கிடக்கும் பேட்டரிக்கு அவ்வளவாகக் கேடில்லை. பாதி இறங்கிக் கிடக்கும் பேட்டரிக்கு ஒவ்வொரு வாரமும் கேடுதான். இனி நான் சொல்லப்போகும் அனைத்தும் இந்த ஒன்றிலிருந்து வருபவை.

நிற்கும் வண்டியில் பேட்டரி இரண்டு வழிகளில் இறங்குகிறது. ஒன்று, எதனோடும் இணைக்காமல் தனியாக வைத்தாலும் உள்ளே நடக்கும் தானிறக்கம். இன்றைய கால்சியம் கலந்த தகடுகள் கொண்ட பேட்டரிகளில் மிதமான வெப்பநிலையில் இது மாதத்துக்குச் சில விழுக்காடுதான்; ஆன்டிமணி கலந்த பழைய வகைகளில் இதைவிடத் தெளிவாகவே அதிகம். வெப்பம் கூடினால் இறக்கமும் கூடும். தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரி செல்சியசுக்கும் இரட்டிப்பாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி, சாவியை எடுத்துப் பூட்டிய பிறகும் வண்டி சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருக்கும் மின்சாரம். கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், நினைவகத்தைத் தக்கவைக்கும் கணினிப் பெட்டிகள் ஆகிய அனைத்தும் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பே. கேட்பதற்குச் சிறிய எண்தான். 30 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஓர் ஆம்பியர்-மணி. அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, 30 நாளுக்கு ஏறக்குறைய 22 ஆம்பியர்-மணி. உங்கள் பேட்டரி 45 ஆம்பியர்-மணி கொண்டதென்றால், முதல் மாத முடிவிலேயே பாதி காலி. இரண்டாம் மாத முடிவில் கிட்டத்தட்ட எல்லாமே காலி. மீதி நான்கு மாதமும் அது இறங்கிய நிலையிலேயே கிடந்து சல்பேட் கெட்டிப்படுவதற்கு வழிவிட்டுக்கொண்டிருக்கும்.

இது ஒழுங்காக இருக்கும் வண்டியின் கணக்கு. கோளாறு உள்ள வண்டியில் என்ன நடக்கும் என்பதற்கு என் மேசைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து நாள் நிறுத்தினாலே செல்ஃப் அடிக்கவில்லை என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டிருந்தார். நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் டெர்மினலுக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இணைத்தேன். கதவுப் பூட்டுகளை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, கணினிப் பெட்டிகள் உறங்கட்டும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். தொடக்கத்தில் 3 ஆம்பியருக்கு மேல் காட்டிய மீட்டர் 0.43-க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்ததில், உள்விளக்குகளுக்கான ஃபியூஸை எடுத்தவுடன் 0.02-க்கு இறங்கியது. முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டியைத் திறந்து அதிலிருந்த விளக்கைத் தொட்டேன், விரல் சுட்டது. மூடி சற்று வளைந்திருந்ததால் சுவிட்ச் அழுந்தவில்லை, பெட்டிக்குள் இரவும் பகலும் விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. 5 வாட் விளக்கு ஒன்று ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர்-மணியைத் தின்னும். பேட்டரி மேல் எந்தக் குற்றமும் இருக்கவில்லை. பின்னால் பொருத்திய கேமரா, இருப்பிடம் காட்டும் கருவி, கூடுதல் ஒலிப்பெருக்கி போன்றவை வண்டியில் இருந்தால் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துபார்த்துவிடுங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மட்டும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும்.

இப்போது வாரம் பத்து நிமிட யோசனைக்கு வருகிறேன். ஸ்டார்ட் செய்வதற்கே பேட்டரியில் பாதி போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு, அது சரியல்ல. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு நொடியில் எஞ்சின் பிடித்துவிட்டால் செலவானது ஒரு ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிக்கல் அதற்கு முந்தைய ஏழு நாட்களில் இருக்கிறது. மேலே போட்ட கணக்கின்படி ஒரு வாரத்தில் 5 ஆம்பியர்-மணி கசிந்திருக்கும். பேட்டரி முழுமையை நெருங்க நெருங்கத் தானே மின்சாரத்தை மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும்போது, அதனால் சுழன்று பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரும் முழுத்திறனைத் தராது. தாராளமாகவே பார்த்து சராசரி 15 ஆம்பியர் ஏறுகிறது என்று வைத்தாலும் பத்து நிமிடத்தில் திரும்பக் கிடைப்பது 2.5 ஆம்பியர்-மணி. வாரத்துக்கு ஐந்து போய் இரண்டரை வருகிறது. இறக்கம் தள்ளிப்போகுமே தவிர நிற்காது. இதற்கு நடுவில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால், எரிபொருள் எரிந்து உண்டான நீராவி புகைக்குழாயிலும் எஞ்சின் ஆயிலிலும் நீராகத் தங்கிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஷெட் மூடியது என்று எழுதியிருக்கிறீர்கள். மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, ஆளையே கொல்லும். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த யோசனையைக் கைவிடச் சொல்வேன். வாரம் ஒருமுறை அரைமணி, முக்கால் மணி நேரம் சாலையில் ஓட்டிவர ஆள் இருந்தால் கதை வேறு. அப்போது பேட்டரிக்கு மட்டுமல்ல, டயர், பிரேக் எல்லாவற்றுக்கும் நல்லது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில், வண்டியை நிறுத்துவதற்கு முன் பேட்டரியை முழுமையாக ஏற்றிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடும் படி இதுதான். நேற்றுதான் நூறு கிலோமீட்டர் ஓட்டினேன், நிரம்பித்தான் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் எஞ்சின் தானாக நின்று தானாகக் கிளம்பும் வகை வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் கணினியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகவும், பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலைச் சேமிக்க இடம் வைப்பதற்காகவும் அது பேட்டரியை வேண்டுமென்றே முழுதாக நிரப்பாமல் விடுவதுண்டு. ஆகவே வெளிச் சார்ஜர் ஒன்றால் ஓர் இரவு முழுக்க ஏற்றிவிட்டு, சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் கழித்து மீட்டரால் அளந்து பாருங்கள். உடனே அளந்தால் தகட்டின் மேற்பரப்பில் தங்கிய சார்ஜ் பொய்யாகக் கூட்டிக் காட்டும். திரவ வகை பேட்டரியில் 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் நிரம்பியதாகக் கொள்ளலாம். அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும் ஏஜிஎம் வகையில் 12.8-ஐ ஒட்டி இருக்கும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி, 11.8-க்குக் கீழே போனால் காலி. ஒரு வோல்ட்டுக்கும் குறைவான இடைவெளிக்குள் முழு பேட்டரியும் காலி பேட்டரியும் அடங்கிவிடுகின்றன என்பதால், பன்னிரண்டு காட்டுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

நிரப்பிய பிறகு, உங்கள் நிலைமைக்கு இரண்டு நல்ல வழிகள் உள்ளன. ஷெட்டில் மின்இணைப்பு இருந்தால், பேட்டரி பராமரிப்புச் சார்ஜர் ஒன்றை நிரந்தரமாக இணைத்துவிடுவது என் முதல் தேர்வு. பேட்டரி நிறையும் வரை 14.4 வோல்ட் அளவில் ஏற்றிவிட்டு, நிரம்பியதும் தானாகவே 13.2 முதல் 13.8 வோல்ட் வரையுள்ள, சார்ஜைத் தக்கவைக்க மட்டுமான மிதவை மின்னழுத்தத்துக்கு இறங்கிக்கொள்ளும் கருவியாக அது இருக்க வேண்டும். பழைய காலத்துச் சார்ஜர்கள், நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ஒரே சீராக ஓர் ஆம்பியரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை மாதக்கணக்கில் விட்டால் உள்ளிருக்கும் நீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து போய்த் தகடுகள் வறண்டுவிடும். உருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், வாங்கும்போது அட்டையைப் படித்து உங்கள் பேட்டரி வகைக்குப் பொருந்துமா என்று பாருங்கள். நெகட்டிவ் டெர்மினலில் ஏறி இறங்கும் மின்சாரத்தை அளக்கும், விரல் பருமனிலான கருப்புச் சென்சார் ஒன்று பொருத்தியிருந்தால், சார்ஜரின் கருப்புக் கிளிப்பை டெர்மினலில் மாட்டாமல் பானெட்டுக்குள் இருக்கும் எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். அப்போதுதான் ஏறும் மின்சாரம் வண்டியின் கணக்கில் சேரும். ஷெட் மூடியது என்பதால் சற்றாவது காற்றோட்டம் இருக்கட்டும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டைத் தாண்டினால் ஒரு தீப்பொறியே போதும். பராமரிப்புச் சார்ஜரால் உண்டாகும் வாயு மிகக் குறைவு என்றாலும் இந்த எச்சரிக்கையை நான் விடுவதில்லை.

மின்இணைப்பு இல்லையென்றால், நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுவது அடுத்த நல்ல வழி. வண்டியின் கசிவு அதோடு நின்றுவிடும்; மிஞ்சுவது தானிறக்கம் மட்டுமே. நல்ல நிலையில் உள்ள கால்சியம் வகை பேட்டரி, கடும் வெப்பம் இல்லாத இடத்தில், முழு சார்ஜோடு தொடங்கினால் ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலும் வண்டியைக் கிளப்பிவிடும். ஆயினும் மூன்றாம் மாதத்தில் ஒருமுறை அளந்து, 12.4-க்கு வந்திருந்தால் மீண்டும் ஏற்றிவிடுவதே பேட்டரிக்குச் செய்யும் நியாயம். கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வண்டியின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதுதான் காரணம். பாசிட்டிவ் நட்டை முதலில் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை பக்கத்துத் தகரத்தில் பட்டால் நேராக ஷார்ட் ஆகி ஸ்பேனரே பழுத்துவிடும். கை மோதிரத்தையும் உலோகக் கடிகாரத்தையும் முன்பே கழற்றிவையுங்கள். வயரைக் கழற்றினால் கடிகாரம் தவறும், சில ஒலிப்பெட்டிகள் ரகசிய எண் கேட்கும், ஜன்னல் கண்ணாடிகளுக்கு மேல் எல்லையை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். இவையெல்லாம் சிறு தொல்லைகள். பெரிய தொல்லை ஒன்று உண்டு: பேட்டரி டிக்கியில் இருந்து, டிக்கி மின்பூட்டால் மட்டுமே திறக்கும் வண்டியென்றால், வயரைக் கழற்றிவிட்டு மூடியை அறைந்து சாத்திவிடாதீர்கள். ஒருமுறை நானே அப்படிச் சாத்திவிட்டுப் பின்னிருக்கையை மடக்கி ஊர்ந்துபோய்த் திறந்திருக்கிறேன்.

பேட்டரியை முழுவதுமாகக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது, ஷெட் மிகவும் சூடாகும் இடமாகவோ உறைபனி விழும் இடமாகவோ இருந்தால் மட்டும் தேவைப்படும். முழு சார்ஜில் உள்ள அமிலம் கடுங்குளிரிலும் உறையாது. காலியான பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய நீர்தான் என்பதால் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்து பெட்டி பிளந்துவிடலாம். கழற்றியதைச் சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மரத்தாலும் ரப்பராலும் பெட்டி செய்த காலத்தில் ஈரம் உள்ளே ஊறிக் கசிவு உண்டானதன் மிச்சம் அது. இன்றைய பாலிப்ரொப்பிலீன் பெட்டிக்கு அது பொருந்தாது. பலகை போட்டு வைத்தால் மனதுக்குத் திருப்தி, அவ்வளவே. மூடி திறக்கும் வகையாக இருந்தால் சார்ஜ் ஏற்றி முடித்த பிறகு டிஸ்டில்டு வாட்டரைக் குறிவரை ஊற்றுங்கள். ஏற்றுவதற்கு முன்பே விளிம்புவரை ஊற்றினால் சார்ஜாகும்போது மட்டம் உயர்ந்து அமிலம் வழியும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும் அளவுக்கு முன்னதாகவே ஊற்றலாம். அமிலத்தை மட்டும் எந்நாளும் ஊற்றாதீர்கள், குறைந்தது தண்ணீர்தான். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்துவிடலாம், கரைசல் அறைகளுக்குள் இறங்காதபடி.

சிறு சோலார் தகடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். 5 முதல் 10 வாட் தகடு, கட்டுப்பாட்டுக் கருவியோடு, வெயில் படும் இடத்தில் நிற்கும் வண்டிக்கு நன்றாகவே உதவும். உங்கள் வண்டி மூடிய ஷெட்டில் நிற்பதால் தகட்டைக் கூரைமேல் வைத்து வயர் இழுக்க முடிந்தால் மட்டுமே பயன். சிகரெட் லைட்டர் துளையில் செருகுவதற்கு முன், சாவி இல்லாதபோதும் அந்தத் துளையில் மின்சாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் சாவியை எடுத்தவுடன் அது துண்டிக்கப்பட்டுவிடும், தகடு யாருக்கும் பயனில்லாமல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயம் ஏதுமில்லை. இனி வரும் இரண்டு விஷயங்களில் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். துடிப்பு மின்சாரத்தால் சல்பேஷனை நீக்குவதாகச் சொல்லி விற்கும் கருவிகளை நான் பயன்படுத்தியிருக்கிறேன். சில வாரங்கள் மட்டும் இறங்கிக் கிடந்த பேட்டரிகள் அவற்றால் தேறியதுண்டு. ஆனால் அதே பேட்டரிகள் குறைந்த ஆம்பியரில் இரண்டு நாள் சாதாரணமாக ஏற்றியிருந்தாலும் தேறியிருக்கக் கூடும் என்பதால், பெருமை எதற்குச் சேரும் என்று சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் செத்துக் கிடந்ததை அவை உயிர்ப்பித்து நான் பார்த்ததில்லை. அடுத்தது, ஒருமுறை முழுதாகக் காலியான பேட்டரிக்கு எவ்வளவு ஆயுள் மிச்சமிருக்கும் என்பது. ஓரிரு நாளில் ஏற்றப்பட்டவை ஆண்டுக்கணக்கில் ஓடியதையும், ஒரு மாதம் கிடந்தவை அடுத்த குளிர்காலத்தில் கைவிட்டதையும் பார்த்திருக்கிறேன். பேட்டரியைப் பார்க்காமல் யாராவது இதற்கு விழுக்காடு சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் வண்டி ஹைப்ரிடாகவோ மின்சாரக் காராகவோ இருந்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் 12 வோல்ட் சிறு பேட்டரி காலியாகிவிட்டால் வண்டி விழிக்காது. கதவே திறக்காமல் போகலாம். அவற்றில் சிறு பேட்டரியைப் பராமரிக்கும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால் கையேட்டைப் பார்க்காமல் எதையும் கழற்றாதீர்கள். 12 வோல்ட் பேட்டரியே லித்தியம் வகையாக இருந்தால் மேலே எழுதிய வோல்ட் அளவுகளும் சார்ஜர் வகையும் அதற்குப் பொருந்தா. சாவியில்லாமல் கிளம்பும் வண்டியென்றால், சாவியை ஷெட்டுக்கு அருகில் மாட்டிவைக்கவும் வேண்டாம். சில வண்டிகள் சாவி அருகில் இருப்பதை உணர்ந்து அடிக்கடி விழித்துக்கொண்டே இருக்கும்.

திரும்பி வந்த அன்று, வயரை மாட்டியவுடன் செல்ஃப் அடிக்காமல் முதலில் மீட்டரை வையுங்கள். 12.4-க்கு மேல் இருந்தால் தாராளமாகக் கிளப்பலாம். அதற்குக் கீழே இருந்தால், அடுத்த வண்டியிலிருந்து ஜம்பர் வயர் கொடுத்துக் கிளப்பி ஆல்டர்னேட்டரே நிரப்பட்டும் என்று விடாமல், ஓர் இரவு சார்ஜரில் போடுங்கள். காலி பேட்டரியை நிரப்பும் சுமையை ஆல்டர்னேட்டர் மேல் ஏற்றுவது அதற்கும் நல்லதில்லை, அரைமணி ஓட்டத்தில் அது நிரம்பப் போவதும் இல்லை. சார்ஜர் பேட்டரியை அடையாளம் காணாமல் எச்சரிக்கை விளக்கு காட்டினாலோ, பெட்டியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ அதோடு நிறுத்திவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து வேலை செய்யும் ஒரு மின்பழுது ஆளை அழையுங்கள்.